கூடி வாழும் இல்லறம்: ஓடந்துறை புகட்டும் பாடம்

வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களிலிருந்து தொழில் நிமித்தமாகவும் மக்களின் கல்வி நிமித்தமாகவும் நகரங்களுக்குக் குடிபெயர்ந்த நம்மவர் குடும்பங்கள் இன்று பல. கோயம்புத்தூரிலும் அதனைச் சூழ்ந்த கொங்கு நாட்டு ஊர்களிலும் இல்லறம் நடத்துவோரும் உளர். கொங்கு மண் நமக்குப் புதியதன்று. பெருங்கதை தந்த கொங்குவேளிரின் விசயமங்கலமும், நன்னூல் அருளிய பவணந்தி முனிவரின் சீனாபுரமும் இந்நாட்டிலேயே உள்ளன. எனினும் இன்று நாம் வாழும் முறை புதியது. ஊரில் கிணறும் தோட்டமும் எருக்குழியும் வீட்டுக்கு வீடு தனித்தனியே இருந்தன. நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பிலோ கூரையும் கிணறும் மின்மோட்டாரும் குப்பைத் தொட்டியும் அனைவருக்கும் பொது.

பொதுவாக இருப்பதாலேயே அவற்றைப் பேணுவார் இல்லாமற்போவதைப் பல குடியிருப்புகளில் காண்கிறோம். கோடையில் ஆழ்துளைக் கிணறு வற்றுகிறது. லாரித் தண்ணீர் வாங்கப்படுகிறது. செலவைப் பங்கிடும்போது, மிகுதியாகச் செலவிட்டவர் யார் என்னும் பூசல் எழுகிறது. கூட்டத்தில் ஒருவரையொருவர் கடிந்து பேசியோர் பின்னர்ப் படிக்கட்டில் எதிர்ப்பட்டாலும் முகம் திருப்பிச் செல்கின்றனர். நீர்ப் பற்றாக்குறையில் தொடங்கியது மனத்தின் பகையாய் முடிகிறது. இதனைத் தவிர்க்கும் வழி உண்டா என்பதே இவ்விதழில் நாம் ஆராயப் புகும் பொருள்.

கூட்டுறவின் அடிப்படை

இங்கிலாந்து நாட்டின் ராச்டேல் நகரில் 1844ஆம் ஆண்டு 28 பேர் கூடிச் சிறு தொகை சேர்த்துக் கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்றைத் தொடங்கினர். இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1904ஆம் ஆண்டு பிறந்தது. சென்னை திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியதும் அவ்வாண்டிலேயே ஆகும். வீடு கட்டுவதற்கான கூட்டுறவுச் சங்கம் 1909ஆம் ஆண்டு பெங்களூரில் அமைந்தது. தமிழ்நாட்டில் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கங்கள் 1983ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ் இயங்குகின்றன.

இவை அனைத்துக்கும் அடிப்படைகள் மூன்று. உறுப்பினரின் பங்குத்தொகை எவ்வளவாயினும் வாக்கு ஒன்றே. கணக்கு அனைவரும் காணத் திறந்திருக்கும். கிடைக்கும் மிகுதி பொதுநன்மைக்குத் திரும்பும். நாம் வாழும் குடியிருப்பு, கூட்டுறவுச் சங்கமாயினும் வீட்டு உரிமையாளர் நலச் சங்கமாயினும், இம்மூன்றும் பொருந்துவனவே. இவை நூலில் மட்டும் இருப்பனவா, நடைமுறைக்கும் வருவனவா? வரும் என்பதற்குக் கோவை மாவட்டத்திலேயே சான்று உள்ளது.

ஓடந்துறையில் நடந்தது

மேட்டுப்பாளையத்தை அடுத்து, நீலகிரி மலையின் அடிவாரத்தில் பவானி ஆற்றையொட்டி அமைந்துள்ளது ஓடந்துறை ஊராட்சி. 1996 முதல் 2006 வரை அதன் தலைவராக இருந்தவர் திரு. ஆர். சண்முகம். குடிநீர் இறைக்கும் மோட்டார்களுக்கும் தெருவிளக்குகளுக்கும் ஆகும் மின்கட்டணம் ஊராட்சியின் வருவாயை விழுங்கி வந்தது. முதலில் சூரிய ஒளியால் எரியும் தெருவிளக்குகள் சில அமைக்கப்பெற்றன. பின்னர் 2003ஆம் ஆண்டில், மரக்கழிவை எரிவாயுவாக்கி மின்சாரம் தரும் 9 கிலோவாட் இயந்திரம் நிறுவப்பெற்று, நீரிறைக்கப் பயன்பட்டது. அத்துணைச் சிறிய இயந்திரத்தால் முழுத்தேவையும் நிறைவேறவில்லை.

ஆகவே 2006ஆம் ஆண்டில் 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலை ஒன்றை ஊராட்சியே வாங்கியது. விலை ஏறத்தாழ 1 கோடியே 55 இலட்சம் ரூபாய். அதில் 40 இலட்சம் ஊராட்சியின் சேமிப்பு. எஞ்சியது வங்கிக் கடன். காற்றாலை ஓடந்துறையில் நிறுவப்பெறவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வலிமையாக வீசும் உடுமலைப் பகுதியில் மைவாடி என்னுமிடத்தில் அது நிறுவப்பெற்றது. அங்கு உண்டாகும் மின்சாரம் மின்வாரியக் கம்பித் தொடரிற் சேர்ந்து, ஊராட்சியின் கணக்கில் வரவு வைக்கப்பெற்றது. ஆண்டுக்கு ஏறத்தாழ 6 இலட்சத்து 75 ஆயிரம் யூனிட் கிடைத்தது. ஊராட்சியின் தேவை 4 இலட்சத்து 50 ஆயிரம் யூனிட் அளவே. மிகுந்தது விற்கப்பெற்று, அவ்வருவாய் கடனை அடைக்க உதவியது.

இந்நிகழ்ச்சியில் நாம் கருதத்தக்கவை சில உள. முதலாவது, அவர்கள் தம் செலவை முதலில் அளந்தனர். எங்கே பணம் கரைகிறது என்று கண்ட பின்னரே தீர்வு தேடினர். இரண்டாவது, சிறியதில் தொடங்கி, அதன் குறையைக் கண்டு, பெரியதற்குச் சென்றனர். மூன்றாவது, சேமிப்பு இருந்தமையால்தான் கடன் பெற முடிந்தது. பொதுப்பணத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கணக்கோடு காத்தமையே காற்றாலையின் முதற்படி.

நம் குடியிருப்பில் ஒரு கணக்கு

காற்றாலை வாங்குவது எல்லாக் குடியிருப்புக்கும் இயலாது. ஆயினும் அளந்து பார்ப்பது எவர்க்கும் இயலும். நான்கு பேர் கொண்ட 24 வீடுகள் உள்ள குடியிருப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நகரத்தில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. அவ்வாறாயின் 96 பேருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 13 ஆயிரம் லிட்டர் வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருப்பதால், கோவை நகரில் ஆண்டு மழை 600 முதல் 700 மில்லிமீட்டர் அளவே. மொட்டைமாடி 10 ஆயிரம் சதுர அடி எனின், 600 மில்லிமீட்டர் மழையில் 5 இலட்சத்து 57 ஆயிரம் லிட்டர் அதன்மேல் விழும். ஐந்தில் ஒரு பங்கு வீணாயிற்று எனக் கழித்தாலும் 4 இலட்சத்து 40 ஆயிரம் லிட்டருக்குக் குறையாது. 12 ஆயிரம் லிட்டர் கொள்ளும் லாரிகள் 35க்கும் மேற்பட்டவை கொணரும் நீர் இது. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003ஆம் ஆண்டிலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பெற்றது. ஆயினும் குழாயும் குழியும் அமைத்தபின் ஆண்டுக்கொருமுறை தூர்வாரிப் பேணுவார் எத்தனை பேர்?

இங்கு ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. அத்துணை மழைநீரும் அக்குடியிருப்புக்கு 34 நாள் தேவைக்கே போதும். இனி மறுபக்கம் காண்போம். ஒவ்வொருவரும் 135 லிட்டரை 100 லிட்டராகக் குறைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 3,360 லிட்டர் மிச்சமாகும். ஆண்டுக்கு 12 இலட்சத்து 26 ஆயிரம் லிட்டர். கூரை தரும் மழைநீரைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு! வானம் தருவதைவிட நம் கட்டுப்பாடு தருவது மிகுதி என்பது இக்கணக்கால் விளங்குகிறது.

இவ்விடத்தில் நம் முன்னோர் வகுத்த இல்லறத்தார் விரதம் நினைவுக்கு வருகிறது. பயனின்றி நிலத்தை அகழ்தல், நீரைச் சிந்துதல், தீ மூட்டுதல், காற்றைக் கலக்குதல், செடிகொடிகளைச் சிதைத்தல் ஆகியவற்றை அனர்த்த தண்டம் என்று விலக்கினர். தேவைக்குப் பயன்கொள்வதை இல்லறத்தார்க்கு அவர்கள் மறுக்கவில்லை, வீணையே விலக்கினர். நீரை வடிகட்டிப் பருகும் வழக்கமுடைய நாம், ஒழுகும் குழாயைப் பார்த்துக்கொண்டு வாளா இருத்தல் பொருந்துமா?

2017ஆம் ஆண்டுக் கோடையில் சிறுவாணி அணையின் நீர் மிகவும் தாழ்ந்து, கோவை மக்கள் பட்ட இன்னல் இன்னும் மறக்கத்தக்கதன்று. அணை வற்றியபின் சிக்கனம் கற்பது, தீப்பற்றிய பின் கிணறு வெட்டுவது போலாம்.

குப்பையும் உயிரிரக்கமும்

அடுத்தது குப்பை. கோவை நகரக் குப்பை வெள்ளலூர்க் கிடங்கிற் குவிகிறது. 2024 ஏப்ரலில் அங்கே தீப்பற்றியபோது, புகையால் துன்புற்றோர் அக்கிடங்கின் அயலில் வாழும் எளியோரே. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையை வீட்டிலேயே தரம் பிரிக்குமாறும், 5 ஆயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகள் மட்கும் கழிவை இயன்றவரை தம் வளாகத்திலேயே எருவாக்குமாறும் பணித்தன.

எருக்குழி என்றதும் நம் இல்லங்களில் ஓர் ஐயம் எழுவதுண்டு. குழியில் புழுக்களும் நுண்ணுயிர்களும் தோன்றுமே, கிளறும்போது அவை மடியுமே, அப்பாவம் நமக்கு வேண்டுமா என்று மூத்தோர் வினவுவர். இவ்வையத்தை எள்ளி நகையாடுதல் தகாது. இது கொல்லாமையைப் பேணும் உள்ளத்தில் எழுவது. ஆயினும் தொட்டியில் இட்டு லாரியில் ஏற்றிய குப்பை மறைந்துவிடுவதில்லை. அது வெள்ளலூரில் நெகிழியோடு கலந்து அழுகுகிறது. அங்கும் உயிர்கள் தோன்றுகின்றன, தீயில் மாள்கின்றன. மாடும் நாயும் நெகிழியை விழுங்கி மடிகின்றன. கண்ணுக்கெட்டாத் தொலைவில் நிகழ்வதால் அது நம் செயல் அன்று என ஆகிவிடாது.

ஆகவே நாம் கொள்ளத்தக்க முறை இது: முதலாவது, வேண்டிய அளவே சமைத்து, இலையில் மீதம் வையாது உண்ணல். இரண்டாவது, எஞ்சும் காய்கறித் தோலையும் வாடிய பூவையும் காற்றோட்டமுள்ள தொட்டியில் காய்ந்த இலைச்சருகோடு அடுக்கி, ஈரம் மிகாது காத்து, அடிக்கடி கிளறாமல் தானே மட்கவிடுதல். இதனால் துர்நாற்றமும் ஈக்களும் குறையும், உயிர்க்கேடும் குறையும். முற்றிலும் இல்லாமற்செய்தல் இல்லறத்தார்க்கு அரிது. குறைத்தலே அவர்க்குரிய அறம்.

ஒன்று பலருக்கு ஆதல்

மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்தைக் கூட்டுவாழ்வு எளிதாக்குகிறது. ஏணி, துளையிடும் கருவி, விருந்துக்கான பெரிய பாத்திரங்கள், நாற்காலிகள் ஆகியவை ஆண்டில் சில நாட்களே பயன்படுவன. 24 வீட்டிலும் 24 ஏணி எதற்கு? பொது அறையில் ஒன்றை வைத்து, எடுத்தோர் பெயரையும் திருப்பிய நாளையும் குறிக்க ஓர் ஏடு வைத்தால் போதும். படித்த நூல்களுக்கும் சிறுவர் பாடநூல்களுக்கும் இதுவே வழி.

பொது மின்சாரத்துக்கும் உதவி உண்டு. 2024 பிப்ரவரியில் தொடங்கப்பெற்ற பிரதமரின் சூரிய வீட்டு மின்சாரத் திட்டம், குடியிருப்புச் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்கான சூரிய மின்தகடுகளுக்குக் கிலோவாட்டுக்கு 18 ஆயிரம் ரூபாய் மானியம் அறிவித்தது. ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். ஓடந்துறையினர் செய்தது போல், மோட்டார், மின்தூக்கி, படிக்கட்டு விளக்கு ஆகியவற்றின் ஓராண்டு மின்கட்டணத்தைக் கூட்டிப் பார்த்த பின்னரே எத்தனை கிலோவாட் வேண்டும் என முடிவு செய்தல் நன்று.

முடிவுரை

உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவி வாழ்வன என்பது நம் ஆகமம் உரைக்கும் உண்மை. அதனை மாடிப்படிக்கட்டிலும் நீர்த்தொட்டியின் அருகிலும் கடைப்பிடிக்க இயலாதெனின், மேடையில் பேசிப் பயனில்லை. ஒரே கிணற்று நீரைப் பருகுவோர் ஒருவரையொருவர் பகைத்து வாழ்வதைவிட, கணக்கேட்டைத் திறந்து வைத்து, குறையை மனம் நோகாமல் பேசி, சிறியதொரு பணியையேனும் கூடிச் செய்வது மேலானது. வரும் மழைக்காலத்துக்கு முன் நம் குடியிருப்பின் மழைநீர்க் குழியைத் தூர்வாரும் பணியையே முதற்பணியாகக் கொள்வோமாக.

குடும்பத்தோடு அமர்ந்து சிந்திக்கச் சில வினாக்கள்

1. நம் வீட்டில் நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் நீர் செலவாகிறது? அளந்து பார்த்ததுண்டா?

2. ஓடந்துறையினர் பெரியதொரு செலவுக்கு முன் செய்த மூன்று செயல்கள் யாவை?

3. நம்மிடம் உள்ள பொருள்களுள், அண்டை வீட்டாரோடு பகிர்ந்து பயன்கொள்ளத்தக்கவை எவை?

4. தொலைவில் நிகழும் உயிர்க்கேட்டுக்கு நாம் எவ்வளவு பொறுப்பு?