ஆகஸ்ட் மாதத்துக்கு ஓர் ஆண்டு போதும்

ஆகஸ்ட் பிறந்தால் வாட்ஸ்அப் குழுக்களில் சுதந்திர வரலாற்றுப் புத்தகப் பட்டியல்கள் சுற்றத் தொடங்கிவிடும். பதினைந்து, இருபது தலைப்புகள். செப்டம்பரில் விசாரித்தால் முதல் புத்தகத்தின் முன்னுரையைத் தாண்டியவர் அபூர்வம். நாட்டின் கதை முழுவதையும் ஒரே மாதத்தில் படித்துவிட நினைப்பதுதான் கோளாறு. ஓர் ஆண்டை எடுங்கள், அதைப் பற்றி மூன்று புத்தகங்கள் படியுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

1. ஆண்டு. உங்கள் ஊர்ப்பக்கம் ஏதாவது நடந்த ஆண்டாக இருந்தால் நல்லது. இங்கே 1908ஐ எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தம், சுதேசிக் கப்பல் விட்ட வ.உ.சி.யின் கைது, திருநெல்வேலி எழுச்சி எல்லாம் பிப்ரவரி கடைசிக்கும் மார்ச் நடுவுக்கும் இடையில் நடந்தவை.

2. புத்தகங்கள். மூன்றும் ஒரே ரகமாக இருக்கக் கூடாது. அனுபவித்தவரே எழுதியது ஒன்று: வ.உ.சி.யின் சுயசரிதை. அவர்மேல் பற்றுக்கொண்டவர் எழுதியது ஒன்று: ம.பொ.சி.யின் 'கப்பலோட்டிய தமிழன்'. ஆவணங்களைத் தோண்டி எழுதியது ஒன்று: ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908', 2024க்கான சாகித்ய அகாதமி விருது பெற்ற நூல். கடையில் கிடைக்காவிட்டால் மாவட்ட மைய நூலகத்தில் கேளுங்கள்.

3. வரிசை. சுயசரிதைதான் முதலில். அது செய்யுளில் இருப்பதைப் பார்த்ததும் பலர் மூடி வைத்துவிடுகிறார்கள். மனதுக்குள் படித்தால் ஓடாதுதான். வாய்விட்டுப் படியுங்கள், சொற்கள் புணர்ந்து நிற்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். நாலு பக்கத்தில் பழகிவிடும். வ.உ.சி.யாக சிவாஜி நடித்து 1961இல் வந்த படத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் பார்த்தால் வ.உ.சி. எழுதிய வரியெல்லாம் சிவாஜி குரலில்தான் கேட்கும்.

4. நோட்டு. எல்லோரும் சறுக்குவது இங்கேதான். பிடித்த வரிகளைக் காப்பி அடித்துக்கொண்டு போவதில் பயனில்லை. பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள்: தேதி, என்ன நடந்தது, சொல்பவர் நேரில் கண்டாரா கேள்விப்பட்டாரா.

மூன்றாவது பிரிவுதான் முக்கியம். மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதாகிறார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளிக்கிறது; போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் சாகிறார்கள். ஊர் அவருக்காக எழுந்தபோது அவர் காவலில் இருந்தார். ஆகவே அந்த நாளைப் பற்றி யார் சொன்னாலும், அவரே சொன்னாலும், 'எப்படித் தெரியும்?' என்று எழுதிவைத்துவிட்டு அடுத்த புத்தகத்தில் தேடுங்கள்.

தண்டனையும் அப்படித்தான். வ.உ.சி.க்கு நாற்பது ஆண்டு சிறை என்று மேடைதோறும் முழங்குகிறோம். ஜூலையில் செஷன்ஸ் நீதிபதி பின்ஹே விதித்தது இரண்டு ஆயுள் தண்டனை. நாற்பது என்ற கணக்கு அதிலிருந்து வந்தது. மேல்முறையீட்டில் அது குறைந்து, 1912 டிசம்பரில் வ.உ.சி. வெளியே வந்துவிட்டார். இதை நோட்டில் ஏற்றினால் அவர் பெருமை ஒரு குன்றிமணி அளவும் குறையாது. சிறையில் செக்கிழுத்தது இழுத்ததுதான்.

5. ஆகஸ்ட் 15. கொடியேற்றி மிட்டாய் கொடுத்த கையோடு வீட்டார், நண்பர்களுடன் உட்காருங்கள். முக்கால் மணி நேரம் போதும். ஆளுக்கு ஒரு பத்தி. ஒரே சம்பவத்தை மூன்று நூல்களிலிருந்தும் அடுத்தடுத்து வாசியுங்கள். தலைவர், முன்னிலை, பொன்னாடை, நன்றியுரை எதுவும் கூடாது. பிள்ளைகளுக்குச் சுருக்கம் சொல்லாமல் ஒரு பத்தியை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். திக்கித் திக்கிப் படித்தாலும் பாதகமில்லை.

பழைய நோட்டைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த ஆகஸ்டில் வேறோர் ஆண்டு. காந்தி காலத்து ஆண்டுக்குப் போகிறவர்கள் சி.சு. செல்லப்பாவின் 'சுதந்திர தாகம்' நாவலையும் சேர்த்துக்கொள்ளலாம். மூன்று பாகம், ஜூலையிலேயே தொடங்கிவிடுங்கள்.