காயம் விபத்தால்தான் வந்ததா? முதல் நாள் சீட்டில் கவனம் தேவை



அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒருவர் இரவு ஷிப்ட் முடிந்து சி.டி.எச். சாலையில் பைக்கில் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் வந்த கார் இடித்து விழுகிறார். கார்க்காரர் 2,000 ரூபாயைக் கையில் திணிக்கிறார். "பெரிய அடி இல்லை, அல்ஹம்துலில்லாஹ்" என்று இவரும் வீட்டுக்கு வந்துவிடுகிறார். பத்து நாள் கழித்து முழங்கால் வீங்குகிறது. மருத்துவமனையில் கேட்டபோது, "வண்டியிலிருந்து விழுந்துட்டேன்" என்கிறார். சீட்டில் 'தானாக விழுந்தது' என்று பதிவாகிறது. ஸ்கேனில் ஜவ்வு கிழிந்திருப்பது தெரிகிறது. அறுவை சிகிச்சை, ஆறு மாதம் வருமானம் இல்லை.

இழப்பீடு கேட்டு மனு போட்டால், காப்பீட்டு நிறுவனம் மூன்று வாதங்களை வைக்கும்: அவர் தானாக விழுந்தார், பத்து நாள் இடைவெளியில் வேறெங்கோ அடிபட்டிருக்கலாம், அல்லது அது வயதால் வந்த தேய்மானம். விபத்தை மறுக்காமலே காயத்தை மறுக்கும் வழி இது.

சட்டம் என்ன சொல்கிறது?

இது குற்ற வழக்கு அல்ல. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. விபத்தால் காயம் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். லாரி மோதிய சிறுவனின் வழக்கில், மூன்று மாதத்துக்கு மேல் கழித்து எஃப்.ஐ.ஆர். பதிவானது. அந்தத் தாமதத்துக்காக மட்டும் மனுவைத் தள்ளக்கூடாது, அடிபட்டவருக்குச் சிகிச்சைதான் முதலில் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் தாமதத்துக்குக் காரணம் சொல்லலாம். நம் வாயால் சொல்லிப் பதிவான தவறை மாற்றுவது கடினம்.

நாம் செய்ய வேண்டியவை

1. அடி சிறிதாகத் தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். செலவுக்குப் பயப்பட வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

2. எந்த வாகனம், எங்கே, எப்படி இடித்தது என்று முழுமையாகச் சொல்லுங்கள். விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். தவறு இருந்தால் அன்றே தெரிவியுங்கள். நகலை வாங்கி வையுங்கள்.

3. வலிக்கும் இடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். முதல் சீட்டில் இல்லாத முழங்கால், பிறகு கேள்விக்குள்ளாகும்.

4. பழைய வலி இருந்தால் மறைக்காதீர்கள். பழைய எக்ஸ்ரேயையும் கொடுங்கள். விபத்துக்கு முன் எப்படி இருந்தது, பின் எவ்வளவு மோசமானது என்பதை மருத்துவர் அதை வைத்துத்தான் விளக்க முடியும்.

5. ஊனச் சான்றிதழ் மட்டும் போதாது. சிகிச்சை அளித்த அல்லது பரிசோதித்த மருத்துவர் சாட்சி சொல்ல வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. கையெழுத்துக்காக மட்டும் அறிமுகமில்லாத மருத்துவரிடம் போகாதீர்கள்.

6. சிசிடிவி பதிவு சில நாளில் அழிந்துவிடும். உடனே காவல் நிலையத்தில் கேளுங்கள். பார்த்தவர்களின் பெயர், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு தாக்கல் செய்ய வேண்டும். விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்ல, நாம் வசிக்கும் பகுதிக்குரிய தீர்ப்பாயத்திலும் தாக்கல் செய்யலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. வீட்டுப் படியில் வழுக்கி விழுந்ததைக் கார் விபத்தாக மாற்றி எழுத யாராவது சொன்னால் உடன்படாதீர்கள். அது பொய்ச் சாட்சி, ஹராம். அப்படி ஒருவர் செய்யும் தவறால்தான், உண்மையாக அடிபட்ட அடுத்தவரின் காயமும் சந்தேகத்தோடு பார்க்கப்படுகிறது.

அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக!