பாதிக் குறி ஓட்டுநர் கையில்

கவசப் படைக்குப் பெயர் கொடுத்துவிட்டு என்னைப் பார்க்க வரும் ஜொகூர், தம்போய்ப் பையன்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "ஐயா, பீரங்கி சுட எப்போது விடுவார்கள்?" வண்டி ஓட்டுவதைப் பற்றி ஒருவனும் கேட்டதில்லை. ஆகவே அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1. எஞ்சினை முடுக்கும் முன் வண்டியை ஒருமுறை சுற்றி வா. எண்ணெய், தண்ணீர், சங்கிலியின் தொய்வு, அதன் ஊசிகள், சக்கரங்களின் போல்ட்டுகள் எல்லாவற்றையும் பார். வழியில் நிற்கும்போதெல்லாம் இறங்கி, ஒவ்வொரு சக்கரத்தின் குடத்தையும் புறங்கையால் தொட்டுப் பார். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் உள்ளே பேரிங் போகிறது என்று பொருள். கொண்டோர் போன்ற நீரில் மிதக்கும் வண்டி என்றால், ஆற்றில் இறக்கும் முன் அடிப்பக்க வடிகால் மூடிகளை உன் கையாலேயே இறுக்கு. அடுத்தவன் இறுக்கிவிட்டேன் என்று சொன்னாலும் குனிந்து பார்.

2. சங்கிலி வண்டியைக் கார் மாதிரி ஒடிக்காதே. சரிவில் குறுக்காகப் போகும்போதும், பின்னால் எடுக்கும்போதும், சேறும் கல்லும் பல்சக்கரத்தில் அடைத்திருக்கும்போதும் வெட்டித் திருப்பினால் சங்கிலி கழன்றுவிடும். பள்ளத்தை நேராகக் கட. மேட்டுக்கு வேண்டிய கியரை மேடு ஏறும் முன்பே போட்டுக்கொள்.

ஜொகூர் மண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மழை பெய்த செம்மண் பாதையில் பிரேக்கை நம்பாதே. பொந்தியான், பத்து பகாட் பக்கத்துக் கரிச் சதுப்பில் மேல்தோல் ஒரு வண்டியைத் தாங்கும்; அதே தடத்தில் வரும் இரண்டாவது வண்டியை விழுங்கும். முன்னால் போனவனின் தடத்தை விட்டு விலகிப் போ. எட்டு டன் ஸ்கார்பியன் இலகு டாங்கி, ஆள் நடந்தால் புதையும் இடத்தில்கூடப் போய்விடும்; அதன் எடை நிலத்தில் அவ்வளவு பரவலாக இறங்குகிறது. போலந்திலிருந்து வாங்கிக் கெமாசில் வைத்திருக்கும் பெண்டேகார் டாங்கி ஐம்பது டன்னுக்குக் கொஞ்சம்தான் குறைவு. செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கும் பாலங்கள் பழ லாரிக்காகக் கட்டியவை. இறங்கிப் பார்க்காமல் அவற்றில் ஏற்றாதே.

3. மூடி சாத்திய பிறகு உனக்கு உலகம் பெரிஸ்கோப்பின் அகலம்தான். வண்டிக்கு முன்னால் சில மீட்டர் எதுவுமே தெரியாது. கமாண்டர் "இடது" என்றால் ஏன் என்று கேட்காமல் திருப்பு. அவர் உன்னைவிட உயரத்தில் இருக்கிறார்.

4. இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. சுடுபவன் குறி தவறினால் எல்லாரும் அவனைத்தான் திட்டுவார்கள். நான் முதலில் ஓட்டுநர் வண்டியை எங்கே நிறுத்தினான் என்று பார்ப்பேன். மேட்டின் பின்புறமாக ஊர்ந்து ஏறி, பீரங்கியும் கோபுரமும் மட்டும் மேலே தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். ஒரு முழம் குறைந்தால் குண்டு முன்னாலிருக்கும் மண்ணில் பாயும். ஒரு முழம் கூடினால் வண்டியின் உடம்பு முழுக்க எதிரிக்குத் தெரியும். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் குண்டும் அந்தப் பக்கமே விலகும். புதிய வண்டிகளின் கணினி இந்தச் சாய்வைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். பழைய வண்டியில் அதை ஓட்டுநரின் இடுப்புதான் உணர வேண்டும். நின்றபின் எஞ்சினை உறுமவிடாதே, நடுக்கம் குறிக்கண்ணாடிவரை போகும். சுட்டதும் நேராகப் பின்னால் இறங்கி வேறு இடத்தில் ஏறு. பின்னால் போகும் வழி என்ன என்பதை ஏறும்போதே மனத்தில் குறித்துக்கொள்.

5. இனி சுடுபவன் வேலை. பீரங்கிக் குழாயும் குறிக்கண்ணாடியும் ஒரே இடத்தைப் பார்க்கின்றனவா என்று தினமும் சரிபார். குழாய் வாயில் குறுக்கே நூல் கட்டி, பின்பக்கத்துத் துளை வழியாகத் தூரத்துக் கட்டடத்தின் கூர்மையான மூலை ஒன்றைப் பிடி. குறிக்கண்ணாடியையும் அதே மூலைக்குக் கொண்டு வா. காலையில் ஒருமுறை பார்த்தால் போதும் என்று இருந்துவிடாதே. வெயிலில் காய்ந்த குழாய் மீது மாலை மழை விழுந்தால் மேல்பக்கம் மட்டும் குளிர்ந்து குழாய் வளையும். கண்ணுக்குத் தெரியாத அந்த வளைவு ஆயிரம் மீட்டரில் நன்றாகத் தெரியும்.

6. லேசர் தூரமானி பொய் சொல்லாது, ஆனால் நீ கேட்காததையும் சொல்லும். செம்பனை மட்டையிலும் மழைத் தாரையிலும் பட்டுத் திரும்பிய தூரத்தைக் காட்டிவிடும். கண்ணால் மதிப்பிட முதலில் பழகு. எண் உன் மதிப்பீட்டோடு ஒத்துப்போகாவிட்டால் மறுபடி அளந்து பார்.

7. எந்தக் குண்டு என்பது எங்கே குறி என்பதற்குச் சமம். இதற்கான பாடம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 1942 ஜனவரி 18 அன்று, மூவாரை அடுத்த பாக்ரி சாலையில் ஜப்பானியரின் 95-ஆம் வகை இலகு டாங்கிகள் காலாட்படைத் துணையில்லாமல் வரிசையாக வந்தன. ஆஸ்திரேலியர்கள் சாலையோரம் இரண்டு 2 பவுண்டர் பீரங்கிகளை மறைத்து வைத்திருந்தார்கள். முதலில் கவசம் துளைக்கும் குண்டைப் போட்டார்கள். அந்த டாங்கியின் தகடு தடித்த இடத்திலேயே 12 மில்லிமீட்டர்தான். குண்டு இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே போனது. டாங்கி வந்துகொண்டே இருந்தது. உடனே வெடித்துச் சிதறும் குண்டுக்கு மாறினார்கள். அதன்பின் டாங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன.

டாங்கிக்குள் இருந்தவர்கள் பக்கத்திலிருந்தும் இதைப் பார். அதற்குப் பதினொரு நாள் முன்பு சிலிம் ரிவரில் ஜப்பானிய டாங்கிகள் விடியலுக்கு முன் சாலையிலேயே பாய்ந்து இரண்டு இந்தியப் பிரிகேடுகளைச் சிதறடித்திருந்தன. அங்கே பலித்தது எங்கேயும் பலிக்கும் என்று நினைத்துவிட்டார்கள் என்பது என் கணிப்பு. பாக்ரியில் இரண்டு பக்கமும் மரம், நடுவில் ஒற்றைச் சாலை, முன்னால் நடந்து பார்க்க ஒரு காலாள்கூட இல்லை.

8. பேச்சைக் குறை. அந்த 95-ஆம் வகை டாங்கியின் கோபுரத்தில் ஒரே ஆள். எதிரியைத் தேடுவது, ஓட்டுநருக்கு வழி சொல்வது, 37 மில்லிமீட்டர் பீரங்கிக்குக் குண்டு போடுவது, சுடுவது எல்லாம் அவனே. உனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. வேலை பங்கு போட்டிருக்கிறது. என்ன குண்டு, என்ன இலக்கு, எவ்வளவு தூரம் என்று கமாண்டர் சொல்வார். சுடுபவன் இலக்கு கண்ணில் பட்டதும் அதைச் சொல்வான். "சுடு" என்ற சொல் வரும்வரை வேறு எவனும் வாய் திறக்கக் கூடாது. ஓட்டுநர் மட்டும் விதிவிலக்கு: வண்டி வழுக்குகிறது என்றால் அவன் கத்தலாம்.

9. பீரங்கி பின்வாங்கும் பாதையில் கையோ முழங்காலோ வைக்காதே. குண்டு வெடிக்காமல் போனால் உடனே பின்கதவைத் திறக்காதே. சொன்ன நேரம் காத்திரு.

10. பெண்டேகாரில் குண்டு போடுவது இயந்திரம், அதனால் மூன்றே பேர். சுடும்போது அது வசதிதான். சங்கிலி கழன்றால், இரவுக் காவல் என்றால், குண்டு போட இருந்திருக்க வேண்டிய அந்த நான்காவது ஆளின் இரண்டு கைகளைத் தேடுவாய். சுட்டு முடித்த குழாயைத் துடைக்க நீளத் தண்டை மூன்று பேரும் சேர்ந்தே இழுக்க வேண்டியிருக்கும், கமாண்டர் உட்பட. கமாண்டர் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தால், கூப்பிட்டுத் தண்டின் ஒரு முனையை அவர் கையில் கொடு. மரியாதையாகவே கொடு.