ஆர்க்கிட் மலர்களை மாலையிலும் செண்டிலும் பொருத்தும் முறை

கலியாணப் பந்தல்களிலும் வரவேற்பு மேடைகளிலும் ஆர்க்கிட் மலர் இப்பொழுது சர்வ சாதாரணமாகி விட்டது. மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம், பண்ணுருட்டி போன்ற ஊர்களில் மல்லிகையும் சம்பங்கியும் தொடுத்துப் பிழைப்போரிடமும் முகூர்த்த நாட்களில் இம்மலரைக் கட்டித் தரும்படி கேட்பார் உண்டு. ஆழாக்கு மல்லிகையில் நாலு மொட்டு நசுங்கினால் ஒருவரும் கவனியார். ஆர்க்கிட்டோ கொத்துக் கணக்கில் விலை கொடுத்து வாங்கப்படுவது. ஒரு கொத்தின் பூக்கள் கட்டும்போதே சேதமானால் அன்றைய கூலியும் அதனோடு போயிற்று என்றே கொள்ள வேண்டும். ஆகையால் இம்மலரைக் கையாளும் விதத்தைச் சற்று விரிவாகக் கூறுவோம்.

நம் சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி டென்ட்ரோபியம் என்னும் இனத்தைச் சேர்ந்தது. ஊதாவும் வெள்ளையும் கலந்த ‘சோனியா’ வகை யாவரும் கண்டிருக்கக் கூடியதே. தாய்லாந்திலிருந்து இஃது ஆகாய மார்க்கமாய் வருகிறது. நம் தேசத்தில் விசேஷமாகக் கேரளத்தில் சாகுபடி செய்கிறார்கள். நிழல்வலையின் கீழ், மண்ணின்றி, கரியும் ஓட்டுத் துண்டும் தேங்காய் மட்டையும் இட்டு வளர்ப்பது வழக்கம். காடுகளில் மரத்தின்மேல் தானாக வளரும் ஆர்க்கிட்டுகளைப் பறித்துவந்து விற்பது முற்றிலும் தகாது. அவற்றில் சில இனங்கள் 1972-ஆம் வருஷத்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை.

கட்டும் முறைக்கு முன் பூவின் அமைப்பை அறிந்துகொள்ளுதல் அவசியம். வெளியிதழ் மூன்று, உள்ளிதழ் மூன்று. உள்ளிதழ்களில் ஒன்று மற்றவற்றினின்றும் வேறுபட்டு உதடுபோல் நீண்டிருக்கும். பூவின் மத்தியில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒன்றாகக் கூடி ஒரு சிறு தூணாய் நிற்கின்றன. அத்தூணின் நுனியில் ஒரு சின்ன மூடியும், மூடிக்குள் மெழுகு போன்ற மகரந்த உருண்டைகளும் உள்ளன. இம்மூடியே மர்மஸ்தானம். விரல் பட்டு மூடி உதிர்ந்தாலும், உருண்டைகள் இடம் பெயர்ந்தாலும், கருவுற்ற மலரைப் போலவே பூவானது எதிலீன் என்னும் வாயுவை உண்டாக்கிக்கொண்டு வாடத் தொடங்கும். பல இனங்களில் இது கண்டறியப்பட்டிருக்கிறது. மேடையில் பூ ஏன் ஒரே இரவில் சுருங்கிற்று என்று வியாபாரியைக் குறை கூறுவோர், கட்டினவர் கை அத்தூணில் பட்டதா என்பதையும் விசாரிப்பது நலம்.

மற்றொன்று. காம்பு என்று நாம் நினைக்கும் பாகத்தின் மேற்பகுதி உண்மையில் சூற்பையாகும். மொட்டாயிருக்கும்போதே அது அரைச் சுற்று முறுக்கிக்கொண்டு, உதடு கீழ்நோக்கும்படி மலரைத் திருப்பி விடுகிறது. எனவே எங்கே பொருத்தினாலும் உதடு கீழே இருக்க வேண்டும். தலைகீழாய்க் குத்திய ஆர்க்கிட்டைப் பழக்கமுள்ள கண் உடனே கண்டுகொள்ளும்.

கொத்து வந்து சேர்ந்ததும் அடிக்காம்பில் ஓரங்குலம் ஜலத்துக்குள் வைத்தே சாய்வாய் வெட்டிவிட்டு, சுத்தமான பாத்திரத்தில் 2 அல்லது 3 மணி நேரம் நிறுத்த வேண்டும். துவண்டிருந்தால் கொத்து முழுவதையும் அரை மணி நேரம் ஜலத்தில் அமிழ்த்தி, பிறகு நன்றாய் உதறிவிடுக. மல்லிகைச் சரத்துக்குத் தெளிப்பதுபோல் ஓயாமல் நீர் தெளித்துக் கூடையில் மூடி வைப்பது இதற்கு ஆகாது. இதழில் தங்கிய ஈரத்தில் பூஞ்சணம் பற்றிப் பழுப்புப் புள்ளி விழும். குளிர்ப்பெட்டியின் கடுங்குளிரும் இதற்கு விரோதம். 50 முதல் 55 டிகிரி பாரன்ஹீட் (சென்டிகிரேடில் 10 முதல் 13) உஷ்ணமே டென்ட்ரோபியத்துக்குப் பொருத்தமாகும். அந்த வசதியில்லாதவர்கள் காற்றோட்டமுள்ள நிழலில் வைத்தாலே போதும். ஜலத்தில் நிற்கும் கொத்து ஒரு வாரத்துக்கு மேலும் இருக்கும். அதிலிருந்து பிரித்தெடுத்த தனிப்பூவோ ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள்தான். ஆதலால் பூவைக் கொத்திலிருந்து பிரிக்கும் வேலையைக் கடைசி வரையில் ஒத்திப்போட வேண்டும்.

இனிக் கட்டும் விதம். வாழை நாரே நம் கைக்குப் பழகியது. நூலைவிட அது மேலானதுமாகும். மெல்லிய நூல் சாறு நிறைந்த சூற்பையை அறுத்துவிடும். ஊறவைத்த நாரை நெல்லின் அகலத்துக்குக் குறையாமல் கிழித்துக்கொண்டு, இரண்டிரண்டு பூவாக எதிரெதிரே வைத்து, காம்புகளுக்கு நடுவில் ஒரு கிள்ளு மரிக்கொழுந்தையோ துளசியையோ சேர்த்துச் சுற்றுக. அத்தழை காம்புக்கு மெத்தைபோல் உதவும். வாசனையற்ற மலருக்கு வாசனையும் தரும். மல்லிகைக்குப் போடும் இறுக்கத்தில் பாதி போதும். பூ நழுவாது நின்றால் அதற்குமேல் இழுக்கலாகாது.

ஊசியால் கோப்பதானால் காம்பின் குறுக்கே கோக்கலாம். ஹவாய்த் தீவுகளில் வாண்டா மலர்களை நடுவே துளைத்து, ஒன்றன்மேல் ஒன்றாய் நெருக்கிக் கழுத்து மாலை கோக்கிறார்கள். அங்கே அதற்குப் பெயர்போன மலர், ஆக்னஸ் ஜோக்கிம் என்னும் மாது சிங்கப்பூரில் உருவாக்கியதும் 1981-இல் அந்நாட்டின் தேசிய மலராக்கப்பட்டதுமான ‘வாண்டா மிஸ் ஜோக்கிம்’ ஆகும். அவ்விதம் கோத்த மாலை பார்வைக்கு மிக அழகு. ஆயினும் நடுத்தூண் சிதைவதால் அது ஒரு மாலைப்பொழுதுக்கே உரியது. காலையில் முகூர்த்தமும் இரவில் வரவேற்பும் உள்ள கலியாணத்துக்கு நார்க்கட்டே உசிதம்.

சட்டையில் குத்தும் செண்டுக்குக் கம்பி வேண்டும். 26 நம்பர் மெல்லிய கம்பியில் 6 அங்குலம் வெட்டி, பூவுக்குக் கால் அங்குலம் கீழே சூற்பையின் குறுக்கே செலுத்தி, இரு பக்கமும் சமமாய் மடித்துக் கீழிறக்குக. ஒரு காலால் மற்றொரு காலையும் காம்பையும் சேர்த்து இரண்டு சுற்று போதுமானது. காம்பின் வெட்டுவாயில் நனைத்துப் பிழிந்த பஞ்சு சிறிது வைத்து, மேலிருந்து கீழாகப் பச்சை மெழுகு நாடாவைச் சுற்றுக. இந்நாடா இழுத்துச் சுற்றினாலன்றி ஒட்டாது. சிம்பிடியம் போன்ற பெரிய பூவுக்கு இது போதாது; தலை கனத்து முன்னே கவிழும். அதற்கு 24 நம்பர் கம்பியில் நாடா சுற்றி, கொண்டையூசிபோல் வளைத்து, உதடும் பக்க இதழும் கூடும் இடுக்கில் மேலிருந்து இறக்கி, இரு கால்களையும் காம்போடு சேர்த்துக் கட்ட வேண்டும். கம்பி நடுத்தூணில் உரசலாகாது. சட்டையில் பொருத்தும்போது குண்டூசி நாடா சுற்றிய காம்பில் ஏறவேண்டுமேயன்றிப் பூவில் ஏறக்கூடாது. ஓர் ஊசியில் செண்டு சுழன்றுவிடும். இரண்டு ஊசி வேண்டும்.

மேடை அலங்காரத்துக்குப் பச்சை நுரைக்கட்டி விற்கிறார்கள். அது மண்ணில் மக்காத பண்டம். ஒரு நாள் அலங்காரத்துக்கு நம் தோட்டத்து வாழைத்தண்டுத் துண்டமே போதும். வெட்டியபின் கறை வடியவிட்டுக் கழுவி, மூங்கில் குச்சியால் முதலில் துளையிட்டுப் பிறகு கொத்தைச் செருகினால் காம்பு ஒடியாது. தண்டின் ஈரமும் அதற்கு உதவும். இரண்டு மூன்று நாள் நிற்கவேண்டிய கொத்துக்கு மாத்திரம் ரப்பர் மூடியிட்ட ஜலக்குழாயை அடியில் மாட்டுக.

பண்ணுருட்டிப் பக்கத்தாருக்கு விசேஷமாக ஒன்று சொல்ல வேண்டும். பழுக்கும் பலா, வாழை, மா ஆகியவை முன்சொன்ன எதிலீன் வாயுவையே வெளியிடுகின்றன. பலாப்பழம் ஏற்றிய வண்டியிலும், பழம் அடுக்கிய அறையிலும் ஆர்க்கிட் வைத்தால் தொடாமலே வாடும். அடுப்புப் புகையிலும் அவ்வாயு உண்டு. சமையற்கட்டை ஒட்டிப் பூக்கட்ட உட்காருவது நஷ்டத்துக்கு வழி.

கலியாணம் முடிந்தபின் மாலைகளை மாட்டுக்குப் போடும் வழக்கம் நம் கிராமங்களில் உண்டு. நார்க்கட்டு மாலையால் தீங்கில்லை. கம்பியும் குண்டூசியும் உள்ள செண்டுகளை அவ்வாறு போடவே கூடாது. மாடு கம்பியை மெல்லாது விழுங்கிவிடும். அது இரண்டாம் இரைப்பையில் தங்கி, சுவரைத் துளைத்து, அடுத்துள்ள இருதயத்தின் உறையையும் குத்தக்கூடும். தீனி எடுக்காமல் முதுகை வளைத்து நிற்கும் பசுவை இவ்விஷயத்தைச் சொல்லியே கால்நடை வைத்தியரிடம் காட்டுக. கம்பிகளைப் பிரித்து எண்ணி, எத்தனை போட்டோமோ அத்தனையும் திரும்பி வந்தனவா என்று பார்த்தபின்பே பூவைக் குப்பைக் குழியில் சேர்க்க வேண்டும்.