கிருமிகளின் கூட்டுக் குடித்தனம்

தாய்மார்களே, இன்று வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் கோழி வெட்டும் பலகையை விரலால் தடவிப் பாருங்கள். கழுவித்தான் வைத்திருப்பீர்கள். ஆனாலும் வழுவழுவென்று இருக்கிறதா? எண்ணெய்ப் பிசுக்கு என்று விட்டுவிட வேண்டாம். கிருமிகள் கட்டிக்கொண்ட வீடாகவும் அது இருக்கலாம்.

ஈரமான இடத்தில் ஒட்டிக்கொண்ட கிருமி சும்மா இருக்காது. பசை போன்ற ஒன்றைச் சுரந்து தன்னைச் சுற்றிப் பூசிக்கொள்ளும். சூடோமோனாஸ் என்ற இனம் இதில் கைதேர்ந்தது. உணவைக் கெடுப்பதுதான் பெரும்பாலும் அதன் வேலை. சாப்பாட்டு வழியாக நம்மைப் படுக்க வைப்பது அபூர்வம். ஆனால் அது கட்டிய வீட்டுக்குக் குடிவருகிறதே சால்மோனெல்லா, அதுதான் வாந்தி பேதிக்காரன். பச்சைக் கோழியோடு வந்து சேரும். ஒரு இனத்தின் கழிவு இன்னொன்றுக்குச் சாப்பாடு. சங்கம் வைத்து வாழ நமக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தோம்!

தனியாக மிதக்கும் கிருமியைக் குளோரின் சீக்கிரமே கொன்றுவிடும். வழுவழுப்பின் மேல் ஊற்றினாலோ, மேலே உள்ள பசையோடும் அழுக்கோடும் மல்லுக்கட்டியே அதன் சக்தி தீர்ந்துபோகும். அடியில் இருப்பவை பிழைத்துக்கொள்ளும். ஹாலந்து நாட்டுத் துணி வியாபாரி லூவன்ஹூக் 1680-களிலேயே இதைக் கவனித்தார். தம் பல் அழுக்கை உருப்பெருக்கியில் பார்த்தவர், வினிகரால் வாய் கொப்பளித்தும் வெளிப்புறத்துப் பூச்சிகள் மட்டுமே செத்தன என்று எழுதி வைத்தார்.

படித்திருந்தும் நானே தவறினேன். சில ஆண்டுகளுக்கு முன் ஆயாக் கொட்டகைப் பிள்ளைகளுக்கு அடிக்கடி பேதி. "போத்தலையெல்லாம் குளோராக்ஸ் தண்ணியில ஊற வையுங்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆயாவும் அப்படியே செய்தார். இரண்டு வாரத்தில் மூன்று பிள்ளைகள் நாக்கு வறண்டு, கண் குழிந்து வந்தார்கள். ஒரு பிள்ளையைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி டிரிப் ஏற்ற வேண்டியதாயிற்று. அதற்கப்புறம்தான் போத்தலின் ரப்பர் காம்பைப் புரட்டிப் பார்த்தேன். உள்ளே பாலாடை மாதிரி ஒரு படலம். எல்லோரும் ஆயாவைத்தான் ஏசினார்கள். தேய்க்கச் சொல்லாத தப்பு என்னுடையது.

ஆகவே முதலில் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்க்க வேண்டும். பலகைக்குத் தேங்காய் நார் போதும், போத்தலுக்குப் பிரஷ். காம்பை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டித் தேயுங்கள். அலசிய பிறகுதான் மருந்து. பலகைக்கு, 4 லிட்டர் தண்ணீரில் வாசனை சேர்க்காத குளோராக்ஸ் ஒரு மேசைக்கரண்டி. சில நிமிடம் விட்டு அலசி வெயிலில் காயவையுங்கள். காய்ந்த இடத்தில் கிருமி பெருகாது. போத்தலையும் காம்பையும் தண்ணீரில் 5 நிமிடம் கொதிக்க வைத்தாலே போதும். குளோராக்ஸோடு வினிகரையோ கக்கூஸ் கழுவும் அமிலத்தையோ கலந்துவிடாதீர்கள், விஷப்புகை வரும்.

பாத்திரம் துடைக்கும் துணியும் இதே சாதிதான். ஈரத்தோடு சுருட்டிப் போட வேண்டாம். கத்தி வெட்டு ஆழமாக விழுந்த பலகைக்குள் நார் போகாது. அதை விறகாக்கிவிடுங்கள்.