நீல ஒளிக்கு மசியாத துத்தநாகம்

அன்புள்ள கயல்,

வெளியேற்று ஆற்றல் அட்டவணையை எதற்கு மாமா மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். வெளியேற்று ஆற்றல் என்பது உலோகத்திலிருந்து ஓர் எலக்ட்ரானை வெளியே இழுக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல். எண்களை விடு, வரிசையைப் பிடித்துக்கொள். சீசியம் 2.1 எலக்ட்ரான் வோல்ட், சோடியம் 2.3, துத்தநாகம் 4.3, செம்பு 4.7, பிளாட்டினம் இன்னும் மேலே. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஃபோட்டான் ஒன்றிடம் இருப்பதோ ஏறத்தாழ 1.7 முதல் 3.1 வரைதான். இனி நீயே சொல்லிவிடலாம்: நீல ஒளி பட்டால் சோடியம் எலக்ட்ரானை விடும், துத்தநாகம் விடாது.

1888-ல் ஜெர்மனியின் ஹால்வாக்ஸ் கண்டது இதைத்தான். எதிர் மின்னூட்டம் கொடுத்த துத்தநாகத் தகட்டில் புற ஊதாக் கதிர் பட்டதும் மின்னூட்டம் மளமளவென்று இறங்கியது. நடுவில் சாதாரணக் கண்ணாடியை வைத்தால் இறங்காது. கண்ணாடி வேண்டிய கதிரை விழுங்கிவிடும். விளக்கை எவ்வளவு பிரகாசமாக்கினாலும் பயனில்லை. ஃபோட்டான்களின் எண்ணிக்கைதான் கூடும். ஒவ்வொன்றின் ஆற்றலும் அப்படியேதான் இருக்கும். ஓர் எலக்ட்ரானுக்கு ஒரு ஃபோட்டான் என்ற ஐன்ஸ்டீனின் 1905-ம் ஆண்டுக் கணக்கு அவ்வளவுதான்.

சீசியம் ஏன் இப்படி இளகிய மனதுக்காரன்? அதன் அணு பெரிது. வெளிக்கூட்டில் இருப்பது ஒற்றை எலக்ட்ரான், அதுவும் கருவிலிருந்து வெகு தொலைவில். அதனால் பிடி தளர்வு. மங்கலான ஒளியையும் கண்டுபிடிக்கும் குழாய்களில் சீசியம் கலந்த பூச்சைத் தடவுவது இதனால்தான்.

புத்தகத்துக்குப் புத்தகம் இந்த எண்கள் கொஞ்சம் மாறும். அச்சுப்பிழை என்று நினைக்காதே. உலோகப் பரப்பில் ஆக்சைடு லேசாகப் படர்ந்தாலும் மதிப்பு மாறிவிடும். அமெரிக்காவின் மில்லிகன் பட்ட பாடு இங்கேதான். ஐன்ஸ்டீனின் சமன்பாடு தவறு என்று காட்டவே அவர் இறங்கினார். சோடியமும் லித்தியமும் காற்றுப் பட்டதும் கறுத்துவிடும் என்பதால், வெற்றிடக் குழாய்க்குள்ளேயே ஒரு கத்தியை வைத்து, வெளியிலிருந்து மின்காந்தத்தால் அதை இயக்கி, உலோகத்தைச் சீவிச் சீவிப் புதுப் பரப்பில் அளந்தார். 1916-ல் முடிவை வெளியிட்டபோது சமன்பாடு அப்படியே பொருந்தியிருந்தது! ஆனாலும் ஒளி பொட்டலம் பொட்டலமாக வருகிறது என்பதை அவர் அப்போது ஏற்கவில்லை. தன் எண்ணத்துக்கு எதிரான விடையையும் மறைக்காமல் அச்சிட்டாரே, அதனால்தான் எனக்கு அவரைப் பிடிக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய். கிடை அச்சில் அதிர்வெண், செங்குத்து அச்சில் எலக்ட்ரானின் பெரும இயக்க ஆற்றல். சோடியத்துக்கும் துத்தநாகத்துக்கும் தனித்தனிக் கோடு போடு. இரண்டும் வெவ்வேறு இடத்தில் தொடங்கும். சாய்வு மட்டும் ஒன்றாகவே இருக்கும். அந்தச் சாய்வு உலோகத்தைச் சேர்ந்தது அல்ல என்றால், அது என்ன? விடையோடு வரைபடத்தையும் அனுப்பு.

அன்புடன்,
மாமா