பலகை வளையுமா? ஃப்ரீகேடில் பாருங்கள்

புத்தக அலமாரிக்குப் பலகை வாங்குமுன், அது எவ்வளவு வளையும் என்று இலவச மென்பொருளான ஃப்ரீகேடில் கணக்கிட்டேன். பலகையைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் ‘ஃபெம்’ பகுதியில் இரு முனைப் பக்கங்களுக்கும் ‘ஃபிக்ஸ்டு’ கொடுத்தேன். வளைவு மிகக் குறைவாக வந்தது. மெல்லிய பலகையே போதும் என்று வாங்கினேன். புத்தகங்களை அடுக்கியதும் தொய்ந்துவிட்டது!

தவறு என்னுடையதுதான். ‘ஃபிக்ஸ்டு’ என்றால் சுவருக்குள் பதித்தது போல. முனை துளிகூடத் திரும்பாது. என் பலகையோ தாங்கிகளின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. எடை சீராகப் பரவியிருந்தால் இதில் நடு வளைவு 5 மடங்கு!

நீங்கள் ‘டிஸ்ப்ளேஸ்மென்ட்’ ஐகானைக் கிளிக் செய்யுங்கள். இடப்பக்க அடி விளிம்புக்கு எக்ஸ், ஒய், இசட் மூன்றிலும் 0 கொடுங்கள். வலப்பக்க அடி விளிம்புக்கு இசட்டில் (மேல்-கீழ்த் திசை) மட்டும் 0. வலப்பக்கத்தை மறந்தால் பலகை கீல் கழன்ற மூடி போலத் தொங்கும். சரியான விடை வராது.